நோவாக் துரையின் சீஸ்

எட்டாம் நாள் காலை ராசப்பன் அலமாரியைத் திறந்தபோது சீஸுக்கு மீசை முளைத்திருந்தது.

சீஸ் நோவாக் துரையுடையது. துரை செக்கோஸ்லோவாகியாக்காரர், திருவெறும்பூர்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலையில் மிஷின் பூட்ட வந்தவர். ஊர் ஏக்கம் தாங்காமல், கொள்ளிடக் கரையில் பட்டி போட்டிருந்த மருதையிடம் செம்மறியாட்டுப் பால் வாங்கி, தானே செய்தது. தட்டு அகலம், வெள்ளை வெளேரென்று இருந்தது. லீவில் புறப்படும்போது சமையல்காரன் ராசப்பனிடம் ஒப்படைத்தார்.

"மூணு மாசத்துல பழுக்கும். பத்திரமா வெச்சிருந்தா கேன்டீன்ல உனக்கு நிரந்தர வேலை."

பதினோரு வருஷமாக யார் யார் வீட்டு அடுப்பையோ ஊதிக்கொண்டிருந்த ராசப்பன், அதைச் சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தான். இப்போது மீசை.

"ஊறுகாய் பூத்தா என்ன செய்வோம்? உப்புத் தண்ணியில தொடைங்க," என்றாள் மனைவி பவுனம்மாள்.

துடைத்தான். மீசை போயிற்று. கூடவே சீஸும் இளைக்க ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் இரண்டு விரற்கடை குறைந்துவிட்டது.

"நீங்க கிள்ளித் தின்னுட்டீங்கன்னுதான் துரை சொல்லுவாரு."

"நாத்தம் தாங்காம மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நான் கிள்ளித் திங்கிறேனாக்கும்!"

மேலே வெடிப்பு விழுந்தது. நல்லெண்ணெய் தடவினான். வெள்ளை மஞ்சளாயிற்று, மஞ்சள் பழுப்பாயிற்று. வாசனை அலமாரியை விட்டு வெளியே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தது. பழுக்க வேண்டியதுதானே என்று மாங்காயைப் போல வைக்கோலில் புதைத்தான். மறுவாரம் மீசையோடு தாடியும் முளைத்தது. வாசனை தெருவில் இறங்கியது.

வீட்டுக்காரர் ரங்கசாமி நாயுடு மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார்.

"ஏம்ப்பா, பெருமாள் ஆடியில இந்த வழியாத்தான் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளுவாரு. அதுக்குள்ள அந்தச் செத்ததை எடுத்துடு."

"சாகலைங்க, பழுக்குதுங்க."

"எதுவா இருந்தாலும் வேற எங்கயாவது போய்ப் பழுக்கட்டும்."

ராசப்பன் அதைச் சாக்கில் சுற்றி, மருதையின் கொட்டகைக்குத் தூக்கிப்போனான்.

"எங்க ஆட்டுப் பாலா இது?" என்று மருதை வாயைப் பிளந்தான். "பெத்தவளே அடையாளம் கண்டுக்க மாட்டாளே அண்ணே!"

ஆட்டுத் தீனி மூட்டைகளுக்கு நடுவே குளிர்ச்சியான மூலையில் வைத்தார்கள். அங்கே யாருக்கும் நாற்றம் தெரியவில்லை. ஆடுகள் புகார் சொல்லவில்லை.

துரை பத்து நாள் முன்னதாகவே திரும்பிவிட்டார்.

"சீஸ் எங்கே?"

ராசப்பன் சைக்கிளை மிதித்தான். மருதை ஆடு மேய்க்கப் போயிருந்தான். மூலைச் சாக்கில் கையை விட்டு எடுத்தான். இன்னும் இளைத்திருந்தது. நிறம் மண்ணாகிவிட்டது. தட்டினால் பலகைச் சத்தம். வேலை கொள்ளிடத்தோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டே துரையின் மேஜையில் வைத்தான்.

கத்தி இறங்கவில்லை. துரை சுத்தியலால் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். வெகுநேரம் மென்றார். ராசப்பன் ஊரில் உள்ள எல்லாத் தெய்வங்களுக்கும் வேண்டிக்கொண்டான்.

துரையின் கண்ணோரம் ஈரம்.

"கடலை வாசனை! நல்லாப் பழுத்த ஆட்டுப்பால் சீஸ்ல கடைசியில கடலை வாசனை வரும்னு எங்கப்பா சொல்லுவார். பட்டி வாசனைகூட அப்படியே இருக்கு. அவருக்கே இவ்வளவு வந்ததில்லை!"

அன்று மாலையே கேன்டீன் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். "அடுத்த சீஸையும் நீதான் பழுக்க வைக்கணும்."

மறுநாள் ராசப்பன் புது வேட்டி கட்டி, பூந்திப் பொட்டலத்தோடு கொள்ளிடக் கரைக்குப் போனான். மருதை ஒரு வாய் போட்டுக்கொண்டு, கட்டுத்தறியில் நின்ற கிடாயைக் கவலையோடு பார்த்தான்.

"அதெல்லாம் சந்தோஷம் அண்ணே, ஆனா நேத்து சீஸை விட்டுட்டு என் கடலைப் பிண்ணாக்கைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க, வேற வழியில்லாம கிடாய்க்கு அந்தச் சீஸை உடைச்சுப் போட்டேன், இன்னிக்குப் பிண்ணாக்கு வெச்சா மூஞ்சியைத் திருப்பிக்குது, துரை அடுத்தது எப்ப செய்வாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க!"