பதினேழு எழுத்து

எனக்கு வாய் முன்னால் ஓடும். மூளை அடுத்த பஸ்ஸில் வரும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இருந்த வெட்கமெல்லாம் பதினெட்டு வயதிலேயே, புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில், மைக்குக்கு முன்னால் தீர்ந்துவிட்டது.

அன்று பொங்கல் விளையாட்டு விழா. கடைசியில் ஆங்கிலச் சொல் போட்டி. பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து மூன்று எழுத்துச் சீட்டு எடுப்பார்கள். அந்த மூன்றும் வருகிற சொல்லில் எது நீளமோ அதற்குப் புள்ளி. கேட்டால் அர்த்தமும் சொல்ல வேண்டும். தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கு லயத்து வீடுகளுக்கு நான், கீழ் பிரிவான கீழ்கணக்குக்குச் சுலோச்சனா. அவள் கணக்கப்பிள்ளை மகள், கேகாலைக்கு பஸ்ஸில் போய் டியூஷன் படித்தவள். (நான் ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்தில் இரண்டு முறை பெயில். இரண்டாவது முறை இன்னும் கேவலமாக.)

பரிசு ஒரு ரைஸ் குக்கர். எனக்கு அது பெரிதில்லை. போட்டி முடிந்ததும் அதே மண்டபத்தில் கோயில் திருவிழாவுக்குத் தலைவர் தெரிவு. அப்பாதான் தலைவர் என்று தோட்டமே பேசிக்கொண்டது. காரணம், இரண்டு மாதத்துக்கு முன் டவுன் ஆஸ்பத்திரியில் நடந்த இதய ஆபரேஷன். "நெஞ்சத் தொறந்து மூடிட்டாங்கப்பா. மாரியாத்தாதான் காப்பாத்துனா" என்று அவர் சொன்னால் பெண்கள் அழுதார்கள். கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு, போகிற இடமெல்லாம் ஒரு தலையணையோடு போய் அதன்மேல்தான் உட்கார்ந்தார். நெஞ்சில் வெட்டிய மனுஷனுக்குக் கீழே எதற்குத் தலையணை என்று தோட்டத்தில் ஒரு கழுதையும் கேட்கவில்லை. அதில் நானும் ஒரு கழுதை.

மகள் ஜெயித்தால் அப்பாவுக்கு இன்னும் மதிப்பு. அவ்வளவுதான் என் மூளை யோசித்தது.

நாலுக்கு நாலு, சமம். கடைசிச் சீட்டு: எச், எம், வை.

"போட்டோகெமிஸ்ட்ரி! பதினாலு எழுத்து!" சுலோச்சனா பட்டாசு மாதிரி வெடித்தாள். கீழ்கணக்குக்காரர்கள் தப்பு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் சூடு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. போட்டிக்காக உரமூட்டை, மருந்து டப்பா என்று எல்லாவற்றிலும் நீளச் சொல் பொறுக்கியிருந்தேன். வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் அப்பாவின் கிளினிக் கொப்பி. முதல் பக்கத்தில், சிவப்பு மையில், ரயில் மாதிரி ஒரு சொல். அதை விடுவேனா?

"ஹெமரோய்டெக்டமி!" என்று கத்திவிட்டு, எச், ஏ, ஈ என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். கூட்டமே எண்ணியது. "பதினஞ்சு! பதினாறு! பதினேழு!" கூரைத் தகரம் அதிர்ந்தது. முன்வரிசையில் அப்பா மட்டும் கை தட்டவில்லை. ஆனந்தத்தில் உறைந்துவிட்டார் என்று நினைத்தேன்.

நடுவர் எங்கள் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் மாத்தயா. சிங்களவர், ஆனால் எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அவர் முகம் ஒரு மாதிரியானது.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி போட்டார். "சொல் சரி. புள்ளி மேல்கணக்குக்கு."

"அர்த்தம் சொல்லணும்ங்க மாத்தயா!" என்றாள் சுலோச்சனா.

"அதெல்லாம் எதுக்குத் துவ, விடுங்க" என்றார். (துவ என்றால் சிங்களத்தில் மகளே.)

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மைக்கைப் பிடுங்கினேன். "ஏன் விடணும்? இதய ஆபரேஷன்! எங்கப்பாவுக்குச் செஞ்சாங்க, கொப்பியிலயே எழுதியிருக்கு!"

"அப்படியாங்க மாத்தயா?" என்றாள் சுலோச்சனா.

மாத்தயா தலையைச் சொறிந்தார். "நெஞ்சு இல்ல துவ. கொஞ்சம் கீழ."

"வயிறா?"

"இன்னும் கீழ."

பின்வரிசையில் ஒருவர், "ஐயோ, மூலமா!" என்றார். நானூறு கண்கள் ஒன்றாகத் தலையணைக்குப் போயின.

சொல் சரி என்பதால் குக்கர் எனக்கு. அப்பா தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மெதுவாக, கால்களைக் கொஞ்சம் அகட்டி வெளியே நடந்தார். தலைவர் பதவி சுலோச்சனாவின் அப்பாவுக்கு. "ஒன் வாய்க்கு என்னா ஒரம்டி போட்டேன் நானு?" என்று அம்மா வழியெல்லாம் திட்டினாள். (அவளுக்கு முதலிலிருந்தே உண்மை தெரியும்.) அந்தக் குக்கரில் பொங்கிய சோற்றை அப்பா ஒரு வாரம் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு காலை பாக்டரி ராமையா மாமா வந்தார். எங்கள் வீட்டில் நின்றபடியே தேத்தண்ணி குடித்தார். பிறகு மெதுவாக, "அண்ணே, அது எந்த வார்டு? ரொம்ப வலிக்குமா?" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அப்புறம் கீழ்கணக்கிலிருந்து மூன்று பேர். எல்லோருக்கும் வருடக்கணக்காக வேதனை, வெளியே சொல்ல வெட்கம். வெட்கங்கெட்ட வெட்கம்! அப்பா ஒவ்வொருவரையும் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். 'பதினேழு' என்பது அவர் பெயராகவும் ஆனது, அந்த வியாதியின் பெயராகவும் ஆகி, பஸ் ஏறி மற்ற ஊர்களுக்கும் போனது.

சில வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க பலாங்கொடையிலிருந்து வந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும், "பரவால்லங்க, நிக்கிறேன். பஸ்ல ஒக்காந்தே வந்தது" என்றார்.

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் அந்தத் தலையணையை எடுத்துவந்து நாற்காலியில் போட்டார்.

"பதினேழா சம்பந்தி?"

"ஆமாங்க சம்பந்தி."

நான் இன்னும் தேத்தண்ணித் தட்டைக்கூடத் தூக்கவில்லை. கல்யாணம் முடிவாகிவிட்டது.