மயக்க ஊசிக்கு முன் ஒரு வட்டிலப்பம்

படித்தவனுக்குப் புத்தி இருக்கும் என்று நம்புகிறவர்கள் என்னைச் சந்தித்ததில்லை. நான் தரம் பத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வாயிலிருந்து குடல்வரை சமிபாட்டுத் தொகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

வலத் தோளில் முன்பு செய்த சத்திரசிகிச்சையின் தழும்பு தடித்து இறுகிவிட்டது. தொழுகையில் இரு கையையும் காதுவரை உயர்த்தித் தக்பீர் கட்டினால் இடக்கை காதுக்குப் போகும், வலக்கை நெஞ்சோடு நின்றுவிடும். (பக்கத்தில் நிற்பவர் எனக்காக துஆக் கேட்பார், அதுவும் சத்தமாக.) எனக்கு உள்ளுக்குள் அழுகை வரும்.

கொழும்பில் ஒரு டொக்டர் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதில் பிரித்தெடுக்கும் உயிர்க்கலங்களைத் தழும்புக்குள் ஊசியால் ஏற்றிப் பார்க்கிறாராம். புதிய சிகிச்சை, ஆராய்ச்சி மட்டத்தில்தான் இருந்தது. என்னையும் சேர்த்துக்கொண்டார். "சரிவரும் எண்டு சத்தியம் பண்ண மாட்டன். மயக்கித்தான் செய்யணும். காலையில ஒண்டும் சாப்பிடாம வாங்க" என்றார்.

எங்கள் சாய்ந்தமருதில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவார். மாமி வைத்ததை மறுக்க இன்னும் ஒருவன் பிறக்கவில்லை. கொழும்புக்கும் மனைவியோடு கூடவே வந்த மாமி, விடியக்காலை தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தை நீட்டினார்.

"சாப்பிடக் கூடாதாம் மாமி."

"கொழுப்பு எடுக்கப் போற வயிறு மகன். வெறுசா போனா அவர் எத்தை எடுக்கிற?"

விஞ்ஞான ஆசிரியர் வாயைத் திறந்தார், விளக்கம் சொல்ல அல்ல.

ஆஸ்பத்திரியில் தாதி கேட்டபோது, "ராவுதான் கடைசியாச் சாப்பிட்ட" என்றேன். உண்மை சொன்னால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்ற பயம். மேசையில் படுத்த பிறகு மயக்க டொக்டர் சாதாரணமாகச் சொன்னார்: "வயித்துல சாப்பாடு இருந்தா மயக்கத்துல மேல ஏறி நுரையீரலுக்குள்ள போகும். ஆள் முடிஞ்சிரும்."

சாகப்போகிறவன் சொல்லும் கலிமாவை மனதுக்குள் சொன்னேன். மனைவி வெளியே காத்திருந்தாள். ஊசி கைக்குக் கிட்ட வந்தது. என் மானமா, உயிரா என்று நாக்கு இழுபட்டது.

"டொக்டர், வட்டிலப்பமும் சாப்பாட்டுக் கணக்கா?"

ஊசி நின்றது. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் பயங்கரம். பெரிய டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நீங்க என்ன வேலை?"

"விவசாயம்" என்றேன்.

மறுபடி இடம் கிடைக்க மாதக்கணக்காகக் கெஞ்சினேன். கிடைத்தது, செய்தார்கள். தழும்பு மெல்ல இளகி, இப்போது வலக்கை காதைத் தொட்டுவிடுகிறது. டொக்டர் இன்னும் எதையும் அறுதியாகச் சொல்லவில்லை. மாமிக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. பெருநாள் தொழுகை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், விருந்தாளிகள் முன்னால் என் கையைத் தூக்கிப் பிடித்துக் காட்டுவார்:

"பாருங்க, எல்லாம் நான் போட்ட சாப்பாடு."