ஏ சுருதியில் ஒரு ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு வெல்டாவின் பாஞ்சோவில் தந்தியைக் கூட்டும் முறுக்காணி இறுகிக்கொண்டது.

"இது இனிமே அசையாது," என்றாள் அவள். "ஏ சுருதியிலயே நின்னுபோச்சு. நீங்கள்லாம் வேற சுருதிக்குப் போறதுன்னா போங்க. நான் எழுந்து சாமானைக் கட்டுறேன்."

டெல்மர் பிடிலைத் தாடைக்கடியில் வைத்தான்.

"எதுக்குப் போகணும்? ஏ-க்கு என்ன குறைச்சல்?"

கோடைதோறும் மலைமேல் நடக்கும் அந்த வாத்தியக்காரர்கள் முகாமில் மேடை கிடையாது. நாலு பேர் நாற்காலியை வட்டமாகப் போட்டால் அதுதான் கச்சேரி. ஏ, டி, ஜி என்று எந்தச் சுருதியில் தொடங்கினாலும் மணிக்கணக்கில் அதிலேயே இருப்பார்கள். மாற்றினால் பாஞ்சோக்காரர்கள் தந்திகளைத் திரும்பக் கூட்ட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவர் காபிக்குப் போவார், ஒருவர் கழிப்பறைக்குப் போவார், திரும்பி வந்து வேறு வட்டத்தில் உட்கார்ந்துவிடுவார். ஆறு கோடைகளாக வெல்டா டெல்மரின் எதிரிலிருந்து அப்படித்தான் காணாமல் போனாள்.

டெல்மர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ஐம்பத்தெட்டு வயது. மனைவி இறந்து எட்டு வருடம். வெல்டா அடுத்த மாவட்டத்துத் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆறு வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது, "எந்தச் சுருதி?" "டி." இன்னொரு முறை, "எந்தச் சுருதி?" "ஜி."

இந்த வருடம் அவனிடம் ஒரு வாக்கியம் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாசிக்க வர்றீங்களா. பிள்ளைகள் இறங்கிய பிறகு காலிப் பேருந்தில் சொல்லிப் பார்த்திருந்தான். வெள்ளி போயிற்று, சனி போயிற்று. இரண்டு மணிக்கு எல்லாரும் கூடாரத்தைப் பிரித்துவிட்டு மலையிறங்க வேண்டும்.

எனவே ஏ.

பத்தரை வரை சிரமம் இல்லை. 'கிழட்டு வான்கோழி' என்ற மெட்டை வாசித்தார்கள். 'பாதி வழியில் பனி' வாசித்தார்கள். பதினொன்றுக்கு, கிதார் வாசித்த ஹோபர்ட் தனக்கு டி-யில் நல்ல மெட்டு நாலு தெரியும் என்று நினைவூட்டினான். அவனும் டெல்மரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதம். டெல்மர் இன்னும் ஒன்றே ஒன்று என்று சொல்லி ஐந்து வாசித்தான்.

பதினொன்றேகாலுக்குத் தெரிந்த மெட்டுகள் தீர்ந்தன. டெல்மர் 'கிழட்டு வான்கோழி'யைக் கொஞ்சம் வேகம் குறைத்துத் தொடங்கினான்.

பாஸ் என்கிற ஆளுயரப் பிடிலை வாசித்த ஓப்பல், ஹோபர்ட்டின் மனைவி, கையை எடுத்தாள். "ஏம்பா டெல்மர், இது காலையில செத்த வான்கோழிதானே?"

இது வேறு என்றான் டெல்மர். ஓடைக்கு மேற்கே இதை 'விதவையின் வேலி' என்பார்கள், வில்லை இழுக்கும் விதமே வேறு. ஒரே மெட்டுக்கு ஊருக்கொரு பெயர் இருப்பது அந்த மலைகளில் வழக்கம்தான். ஓப்பலால் மறுக்க முடியவில்லை. அடுத்து 'பாதி வழியில் பனி'யும் ஓடைக்கு மேற்கே போயிற்று.

ஹோபர்ட் பொறுமையிழந்தான். அவன் நல்லவன், அதுதான் தொல்லை. முதலில் கூடாரத்தில் சும்மா கிடக்கும் ஓப்பலின் பாஞ்சோவைத் தருகிறேன் என்றான். அடுத்தவர் வாத்தியத்தில் கை படியாது என்று வெல்டா சொல்லிவிட்டாள். உடனே எழுந்து, வண்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துவந்து டெல்மரின் நாற்காலி ஓரத்தில் வைத்தான்.

"இதை வெச்சு ஒரு திருகு. ஆணி தானா வழிக்கு வரும். எனக்கு முதல்ல தண்ணி வேணும்."

அவன் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது பிளேயரைக் காணோம். டெல்மர் அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

ஹோபர்ட் புல்லில் தேடினான். பாஸின் பின்னால் தேடினான். டெல்மரும் உட்கார்ந்தபடியே இப்படியும் அப்படியும் பார்த்தான். பிளேயர் தொடையில் குத்தியது. அவன் ஒரு பக்கம் சாய்ந்து வாசிக்க வேண்டியதாயிற்று. வில் கோணலாகப் போயிற்று. மேல் தந்தி கீச்சிட்டது.

அந்தக் கீச்சு மேட்டுப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். கர்டிஸ் இறங்கி வந்தான். அந்த முகாமிலேயே நல்ல பிடில் வாசிப்பு அவனுடையது. அது அவனுக்கும் தெரியும்.

"யாரையோ அடிக்கிறீங்களோன்னு பார்த்தேன்," என்று வெல்டாவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டான். "சரி, டி-க்குப் போவோமா?"

ஹோபர்ட் கிதாரைக் கட்டிக்கொள்ளாத குறை. வெல்டா பாஞ்சோவின் உறையை எட்டி எடுத்தாள்.

டெல்மர் வாயில் வந்ததைச் சொன்னான். "முடியாது. நாங்க ஒரே மெட்டை நிறுத்தாம எவ்வளவு நேரம் வாசிக்க முடியும்னு பார்க்கிறோம்."

"எப்பலேர்ந்து?" என்றாள் ஓப்பல்.

"இப்பலேர்ந்து."

தொடங்கிவிட்டான். மறுபடி வான்கோழி. மெட்டை முடிக்க வேண்டுமென்றால் பிடில்காரன் காலைத் தூக்கிக் காட்டுவான், எல்லாரும் சேர்ந்து நிறுத்துவார்கள். டெல்மர் காலைத் தூக்கவில்லை. பன்னிரண்டாம் நிமிடம் கர்டிஸ் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினைந்தாம் நிமிடம் பிடிலைப் பெட்டியில் வைத்து, நாற்காலியையும் எடுத்துக்கொண்டு மேடேறினான். இருபதாம் நிமிடம் ஓப்பல் விரல் கொப்புளத்தை ஊதிக்கொண்டு பீன்ஸ் வேகிறது என்று போனாள். ஹோபர்ட் இருபத்தைந்து வரை தாங்கினான்.

"டேய், நீ காலைத் தூக்குறப்ப சொல்லியனுப்பு. நான் உயிரோட இருந்தா வர்றேன்."

அவனும் போனான். மிச்சம் இரண்டு பேர்.

வெல்டா கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தந்தி பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். டெல்மருக்குத் தொடை மரத்துவிட்டது. நிறுத்தினால் பேச வேண்டும். அந்தப் பயத்தில் இன்னும் நாலு சுற்று வாசித்தான். பிறகு காலைத் தூக்கினான்.

சுற்றிலும் கூடாரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தன.

"அடுத்து?" என்றாள் வெல்டா.

பேருந்தில் அவ்வளவு தெளிவாக வந்த வாக்கியம் வரவில்லை. மனசாட்சி முந்திக்கொண்டது. டெல்மர் எழுந்து, நாற்காலியிலிருந்து பிளேயரை எடுத்து நீட்டினான்.

"இது என்கிட்டதான் இருந்துச்சு. மேல உட்கார்ந்திருந்தேன். ஆணி சரியாயிட்டா நீங்க கர்டிஸ் பக்கம் போயிடுவீங்களோன்னு... மன்னிச்சுக்குங்க. கொடுங்க, நானே திருகிடுறேன்."

அவன் கை நீட்டியதும் வெல்டா பாஞ்சோவை மார்போடு அணைத்துக்கொண்டாள். கழுத்து வரை சிவந்துவிட்டாள்.

"வேணாம். அது அப்படியே இருக்கட்டும்."

கோபம் என்று டெல்மர் நினைத்தான். ஆறு கோடையும் ஒரு கட்டிங் பிளேயரில் முடிந்தது என்றும் நினைத்தான். தலையைக் குனிந்து வில்லின் மயிரைத் தளர்த்தத் தொடங்கினான்.

அப்போது வெல்டாவின் அக்கா நோலா, மடித்த கூடாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏண்டி வெல்டா, டி-க்கு ஒண்ணு, ஜி-க்கு ஒண்ணுன்னு சுருதி கூட்டி இந்த வருஷம் நீ புதுசா கொண்டுவந்த பாஞ்சோ ரெண்டு காலையிலேர்ந்து வேன்ல வெயில் காயுது. எடுத்துட்டு வரட்டுமான்னு கேட்க வந்தா, 'அந்தப் பக்கம் போ, போ'ன்னு கண்ணாலயே விரட்டுறியே, ஏன்?"