ஐந்துக்கும் ஒரே சாவி

"பாஸ்வேர்ட் தவறு" என்றது திரை. கணினிக்காரர் அதையே வெறித்துப் பார்த்தார். வெளியே கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பறை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸ் மென்பொருளை நேற்றுத்தான் நிறுவியிருந்தார். அதற்குள் பதிவு, பில் என்று ஓடும் ஐந்து சேவைகளுக்கும் ஐந்து கணக்கு, கணக்குக்கு ஒரு பாஸ்வேர்ட் என்று அது கேட்டது. ஐந்தை யார் ஞாபகம் வைத்திருப்பது? மனைவியின் செல்லப்பெயரான அம்முவை ஆங்கிலத்தில் தட்டி, வீட்டு எண்ணையும் ஒட்டி, ஐந்துக்கும் அதையே கொடுத்தார். ஒரே கல்லில் ஐந்து மாங்காய் என்ற பூரிப்போடு வீட்டுக்குப் போனார்.

இன்று காலை சேவைகளைத் தொடங்கப் பாஸ்வேர்ட் கேட்டது. கொடுத்தார். ஏற்கவில்லை.

வேலையில்லாமல் வருஷக்கணக்கில் அலைந்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்த ஆஸ்பத்திரி அது. அந்த நன்றி அவர் நெஞ்சில் எப்போதும் உண்டு. அவரை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று இன்று சாயங்காலம் பெரிய டாக்டர் சொல்லவிருந்தார்.

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி மறுபடி தட்டினார். திரையில் வெறும் புள்ளிகள்தான் வந்தன. தவறு.

"முதல் எழுத்தைப் பெருசா போட்டிருப்பீங்க சார்," என்றாள் வரவேற்பறைப் பெண்.

"ரொம்ப நன்றிம்மா."

போட்டார். முதல் கணக்கு ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது.

மனைவிக்குப் போன் போட்டார். "இங்க பாரு, உன் பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?"

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் கேக்கத் தோணுச்சா?"

"அம்முவுக்கு ஒரு எம்மா, ரெண்டு எம்மா?"

"எனக்கு ரெண்டு. ஒரு எம் போடறவ யாரு?"

அவள் எழுத்துக்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனை வைத்த வேகத்தில், சாயங்காலம் வீட்டிலும் விசாரணை உண்டு என்று புரிந்தது. சொன்னபடியே மற்ற நான்கிலும் திரும்பத் திரும்பத் தட்டினார். ஒரே சாவி அல்லவா, நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

பெரிய டாக்டர் வந்து நின்றார். "என்னப்பா, கண்ணுல மருந்து விட்டுட்டு எல்லாரும் உக்காந்திருக்காங்க."

"தப்பு என்னோடதுதான் சார். சுலபமா இருக்கட்டும்னு அஞ்சுக்கும் ஒண்ணையே வெச்சேன். இப்ப அதுவே மறந்துபோச்சு. என்னை நம்பி வேலை குடுத்தீங்க..." அழுகை முட்டியது. நன்றி கெட்டவனாகிவிட்டோமே என்பதுதான் வேலை போவதைவிட அவருக்கு வலித்தது.

தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணிப்பெண், கையை முந்தானையில் துடைத்தபடி அருகில் வந்தார்.

"அழாதீங்க சார், எங்க அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் நடக்கவெச்ச புண்ணியவான் நீங்க, அந்த நன்றிக்குத்தான் நேத்து நீங்க போனப்புறம் உங்க கீபோர்டைப் பட்டன் பட்டனா கழட்டி சோப்பு போட்டுக் கழுவினேன், ரெண்டு பட்டன் மட்டும் எது எங்க இருந்துச்சுன்னு தெரியாம குத்துமதிப்பா மாட்டிவெச்சுட்டேன்."