ஊரார் பிள்ளைக்குப் படிப்பு நிச்சயிப்பவர்

கல்யாணம் நிச்சயிக்கிற தரகரை உங்களுக்குத் தெரியும். சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை நிச்சயிக்கிற தரகரையும் தெரியும். படிப்பு நிச்சயிக்கிறவரைத் தெரியுமா? தெரியாமல் என்ன! பரீட்சை ரிசல்ட் பேப்பரில் வந்த அன்று காலையில், உங்கள் வீட்டுப் பிள்ளை தன் நம்பரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு முன்னால், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "என்னா மார்க்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, உள்ளதிலேயே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் மார்க்கைச் சொன்னதும் அது எவ்வளவாக இருந்தாலும் "ப்ச்" என்று ஒரு சப்தம் கொடுக்கிறாரே, அவரேதான்.

இவரைத் தரகர் என்று சொல்வது தரகர்களுக்குச் செய்கிற அநியாயம். தரகர் கூலி வாங்குகிறார். வாங்கிய கூலிக்காவது கொஞ்சம் பயப்படுகிறார். இவர் சல்லிக்காசு வாங்குவதில்லை. ஆகையால் இவருக்குப் பயம் என்பதே கிடையாது.

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். எல்லாப் படிப்பும் இவருக்குத் தெரியும்: எத்தனை வருஷம், எந்த ஊர், படித்து முடித்தால் என்ன சம்பளம், எத்தனை பவுன் போடுவார்கள். அந்தப் படிப்பில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது ஒன்றுதான் தெரியாது. எதற்கும் இவரிடம் ஓர் உதாரணம் உண்டு. "செஞ்சிப் பக்கத்துல ஒரு பையன்" என்று ஆரம்பிப்பார். அந்தப் பையனுக்குப் பெயர் கிடையாது. அவன் ஒரு வாரம் இன்ஜினீயர் படித்துக் கெட்டுப் போயிருப்பான், மறு வாரம் இன்ஜினீயர் படித்துப் பங்களா கட்டியிருப்பான். கேட்கிறவர்கள் வேறு வேறு ஆட்கள்தானே, யார் ஒத்துப் பார்க்கப் போகிறார்கள்? இவருடைய சொந்த மகன் என்ன படித்தான் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவன் எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு சைக்கிள் கடை வைத்து, சௌக்கியமாக இருக்கிறான். அப்பாவிடம் அவன் ஒரு நாளும் யோசனை கேட்டதில்லை.

இந்த இனத்தின் உத்தமமான மாதிரி ஒன்று எங்கள் விழுப்புரத்தில் உண்டு. பெயர் கோதண்டபாணி. தாலுக்கா ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். ஜங்ஷனுக்கு எதிரே அரங்கநாதன் காபி கிளப்பில், மெட்ராஸ் பேப்பர் ரயிலில் வந்து இறங்குகிற நேரத்துக்குச் சரியாக ஆஜராகிவிடுவார். நான் அப்போது ஜங்ஷன் பார்சல் ஆபீசில் குமாஸ்தா. பேப்பரில் எனக்கு நடுப்பக்கம், அவருக்கு மற்றதெல்லாம்.

கோதண்டபாணிக்கு ஒரு பலம் இருந்தது. அந்தக் காலத்தில் காலேஜுக்கு விண்ணப்பம் போட வேண்டுமானால் சர்டிபிகேட்டுகளை டைப் அடித்து, கெஜட்டட் ஆபீசர் ஒருவரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்க வேண்டும். கேப்பையும் மல்லாட்டையும் பயிர் வைக்கிறவன் கெஜட்டட் ஆபீசருக்கு எங்கே போவான்? கோதண்டபாணிக்குத் திண்டிவனத்தில் ஓர் ஆபீசரைத் தெரியும். கால்நடை இலாகா. ஊரில் எத்தனையோ பிள்ளைகளுடைய நன்னடத்தைக்கு மாட்டு ஆபீசர்தான் சாட்சி. இந்தப் பச்சை மைக்காக வந்தவர்களிடம் படிப்பையும் சேர்த்து நிச்சயித்துக் கொடுப்பது கோதண்டபாணியின் வழக்கம். மை வேண்டுமானால் யோசனையையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு காலை. கூட்டேரிப்பட்டுப் பக்கத்திலிருந்து துரைக்கண்ணு என்ற விவசாயி தன் மகளை அழைத்துக்கொண்டு காபி கிளப்புக்கு வந்தார். மகள் பெயர் தையல்நாயகி. சென்னையில் விடுதியில் தங்கிப் பி.யு.சி. படித்து முதல் வகுப்பில் தேறியிருந்தாள். அந்தக் கிராமத்தில் பெண் என்ன, ஆண்கூட அதுவரை அவ்வளவு தூரம் போனதில்லை. விண்ணப்பத் தாளை அவளே வாங்கி, அவளே அழகான கையெழுத்தில் பூர்த்தி செய்து வைத்திருந்தாள். பச்சை மை ஒன்றுதான் பாக்கி.

"மார்க்கு?" என்றார் கோதண்டபாணி. சொன்னார்கள். "ப்ச்."

தாளைப் பிரித்தார். புருவம் ஏறியது. "இன்னாய்யா இது, சைக்காலஜி?"

"மனசைப் பத்தின படிப்புன்னு சொல்லிக்கினு இருக்குதுங்க பாப்பா," என்றார் துரைக்கண்ணு. "மெட்ராசுல இருக்குதாங்கய்யா."

"மனசைப் படிக்க மெட்ராசுக்குப் போவணுமா? நம்ப ஊர்ல மனசே இல்லியா?"

காபி கிளப் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி படிப்புங்க," என்று அரங்கநாதன் டிகாக்ஷன் இறக்கிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். "அதைப் படிச்ச பொண்ணை எவன் கட்டுவான்? பேஜாராப் பூடும்."

'இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள்?' என்று தாளில் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு அந்தப் பெண் இங்கிலீஷில் எழுதியிருந்ததைக் கோதண்டபாணி உரக்க வாசித்தார். வாசித்ததோடு விட்டாரா? கூட்டத்துக்குப் புரிய வேண்டுமே என்று தமிழிலும் சொன்னார். அவள் எழுதியிருந்தது இது: "மூன்று வருஷத்துக்கு முன் என் தம்பி கிணற்றில் விழுந்து இறந்து போனான். அன்றிலிருந்து அம்மா பேசுவதில்லை. உடம்பில் கோளாறு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருவக்கரை கோயிலில் நாற்பத்தெட்டு நாள் தங்கினோம். பேய் பிசாசு ஒன்றுமில்லை என்று அங்கே ஒரு பெரியவரும் சொல்லிவிட்டார். உடம்பிலும் இல்லை, பேயும் இல்லை என்றால் அம்மாவின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்."

துரைக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் சுவரிலிருந்த சோடா விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனால் காபி பாதிதான் குடித்திருந்தேன்.

"யாராவது இதையெல்லாம் எழுதுவாங்களாம்மா?" என்றார் கோதண்டபாணி. "ஊட்டுல கோளாறுன்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறதா? நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்க வேணாமா? பேசாம டாக்டருக்குப் போடு. டாக்டரம்மா ஆயிட்டா உங்கம்மாவுக்கு நீயே ஊசி போட்டுக்கலாம்."

"ஊசி போட்டாங்கய்யா," என்றாள் தையல்நாயகி. "பதினோரு ஊசி. அப்பவும் பேசலீங்க."

"அது கவர்மெண்ட் ஊசிம்மா."

துரைக்கண்ணு மெல்ல வாயைத் திறந்தார். "ஐயா, ரெண்டுக்குமே போட்டு வச்சா ஆவாதுங்களா? எது கெடைக்குதோ..."

கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவருக்குத் தெரியாத விஷயம் வரும்போதெல்லாம் அப்படித்தான் செய்வார். பார்க்கிறவர்களுக்கு அது ஞானம் மாதிரி இருக்கும். "கெட்டுது போ! மெட்ராசுல எல்லா ஆபீசும் ஒண்ணுக்கொண்ணு லிஸ்டு அனுப்பிக்குவான்யா. ரெண்டு லிஸ்டுலேயும் ஒரே பேரு வந்துதுன்னு வச்சுக்க, ஸ்டெடி மைண்ட் இல்லாத கேசுன்னு ரெண்டுலேயும் அடிச்சுடுவான். செஞ்சிப் பக்கத்துல ஒரு பையன் அப்படித்தான் போனான்."

அப்புறம் ஓட்டெடுப்பு நடந்தது. அரங்கநாதன் டாக்டர் என்றார். மாவாட்டுகிற வீரம்மாள் டாக்டர் என்றாள். ரயிலுக்குக் காத்திருந்த யாரோ ஒரு வெளியூர்க்காரரைக் கேட்டதில் அவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டே டாக்டர் என்று சொல்லிவிட்டு ஓடினார். "சார், நீங்க படிச்சவர், சொல்லுங்க," என்று என்னையும் கேட்டார் கோதண்டபாணி. "டாக்டர்தான்," என்றேன். ஏன் சொன்னேன்? டாக்டர் என்றால் யாருக்கும் விளங்குகிறது. சொன்னவனுக்கு நல்ல பெயர். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. இவ்வளவுதான் காரணம். ஒரு பெண்ணுடைய ஆயுசைத் தீர்மானிக்க இதைவிடப் பெரிய காரணம் யாரிடம் இருந்தது?

ஓட்டுக் கேட்காமல் விடப்பட்டது ஒருவர்தான். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"நைனா," என்று அப்பாவைக் கூப்பிட்டாள். "எனக்கு அதுதான் வேணும்."

"பெரியவங்க இவ்ளோ பேரு சொல்றாங்களேம்மா," என்றார் துரைக்கண்ணு. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்த கெஜட்டட் ஆபீசர் கோதண்டபாணி மூலமாகத்தான் இருந்தார்.

டாக்டர் படிப்புக்கான தாளைக் கோதண்டபாணியே வரவழைத்து, அவரே பூர்த்தி செய்தார். ஏன் விரும்புகிறீர்கள் என்ற இடத்தில் 'ஏழை மக்களுக்குச் சேவை செய்ய' என்று எழுதினார். இன்ஜினீயருக்கும், விவசாயக் கல்லூரிக்கும், ஒரு தடவை போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கும் அதையேதான் எழுதியிருந்தார். அந்தப் பெண் எழுதிய பழைய தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறு வாரம் அதன் பின்பக்கத்தில் வேறொரு பையனின் மார்க்கைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

ஆகஸ்டில் துரைக்கண்ணு பார்சல் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். சென்னையிலிருந்து ரயிலில் அப்போதுதான் அப்பாவும் மகளும் இறங்கியிருந்தார்கள். பெண் தள்ளி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்டர்வியூல, எதுக்கும்மா டாக்டருக்குப் படிக்கணும்னு கேட்டாங்களாம். பாப்பா அதோட அம்மா கதையைச் சொல்லுச்சாம். அதுல ஒரு வயசான டாக்டர் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, ‘நீ சைக்காலஜிக்கு இல்லே போட்டிருக்கணும்’னாராம். ‘எழுதி முடிச்சு வச்சிருந்தேங்கய்யா’ன்னுச்சாம்." துரைக்கண்ணு மகள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "லிஸ்டு வந்திருச்சுங்க. பேரு இல்லே. ஜல்திஜல்தியா அந்த இன்னொரு காலேஜுக்கு ஓடினோம். மூணு வாரத்துக்கு முந்தியே முடிஞ்சுபோச்சாம். அங்க இருந்த குமாஸ்தா நல்ல மனுசன்தாங்க. ‘ரெண்டுக்கும் போட்டிருக்கலாமேம்மா, எல்லாரும் அப்படித்தானே போடறாங்க’ன்னாரு."

இதைக் கேட்டபோது எனக்குத் தலையிறக்கமாகிவிட்டது. ஒரு விண்ணப்பம். தபாலில் போட்டிருந்தால் போயிருக்கும். அதைத் தடுக்க எத்தனை புத்திசாலிகள் தேவைப்பட்டார்கள், பாருங்கள்!

கோதண்டபாணிக்கு விஷயத்தைச் சொன்னேன். ஆடிப்போவார் என்று நினைத்தீர்களா? பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. "நான் அப்பவே நெனச்சேன். அந்தப் பொண்ணு ரத்தம் பார்க்கிற பொண்ணு இல்லே. சைக்காலஜிக்குப் போட்டிருந்தா சுளுவாக் கெடைச்சிருக்கும்."

"நீங்கதானே சார் டாக்டர்னு சொன்னீங்க?"

"நான் மட்டுமா சொன்னேன்? நீங்களும்தான் சொன்னீங்க."

என்ன செய்ய, அது வாஸ்தவம்.

துரைக்கண்ணு அடுத்த வருஷம் மறுபடியும் முயற்சி செய்யவில்லை. ஒரு வருஷம் சும்மா வீட்டில் இருந்த பெண்ணை எந்தக் காலேஜும் ஒப்புக்கொள்ளாது என்று அவருக்குச் சொல்லப்பட்டுவிட்டது. சொன்னது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? உடனே டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் பிடித்துக் கொடுத்தவரும் அவரே. இப்போது தையல்நாயகி திண்டிவனத்தில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கோதண்டபாணியைக் கேட்டால், "கூட்டேரிப்பட்டுப் பக்கத்துல ஒரு பொண்ணு, திக்குத் தெரியாம நின்னுக்கினு இருந்துது, நான்தான் ஒரு லைன்ல உட்டேன்," என்பார். ஆக, பெயரில்லாத உதாரணங்கள் எங்கே தயாராகின்றன என்பது எனக்கு விளங்கிவிட்டது.

போன மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் கோவிந்தம்மாள், அவளுடைய தாயார். மகள் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு நடந்த ஏதோ ஒரு சமாசாரத்தை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருக்காங்க?" என்றேன்.

"அப்படியேதாங்க இருக்காங்க." அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. தெரிந்தும் மரியாதையாகத்தான் பேசினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாலு வார்த்தை வைதிருந்தால் அன்று சாயங்காலம் சோறாவது இறங்கியிருக்கும்.

இந்த இனம் விழுப்புரத்தோடு சரி, கோதண்டபாணி போய்விட்டால் பூண்டற்றுப் போய்விடும் என்று நீங்கள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். இதற்குப் பச்சை மைகூட அவசியமில்லை, வாயிருந்தால் போதும். என்னுடைய வாயே போதுமானதாக இருந்ததே! நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, சரி. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, ‘அசட்டுப் பெண், அப்பாவுக்குத் தெரியாமல் தபாலில் போட்டிருக்கலாமே’ என்றோ, ‘டாக்டருக்கே படித்துவிட்டு அப்புறம் மனசுப் பக்கம் போயிருக்கலாமே’ என்றோ, ‘இப்போதும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை, தபால் மூலம் பி.ஏ. எழுதச் சொல்லலாமே’ என்றோ, உங்களுக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது அல்லவா?

நல்ல யோசனைதான். அவள் உங்களைக் கேட்டாளா?