அது இல்லையென்றால் நான்

என் அருமைத் தங்கைக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் கோபமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் பிள்ளைகளின் சேதி. பெரிய பேரன் கட்டிய பாலத்தின் மேல் லாரி ஓடத் தொடங்கிவிட்டது; பாலம் நிற்கிறது. அவன் தம்பி நீச்சல் போட்டியில் இரண்டாவதாக வந்தான். நீந்தியது எத்தனை பேர் என்று நீ கேட்க வேண்டாம். நம் குடும்பத்தில் ஒரு டாக்டர் இல்லை என்பது ஒன்றுதான் குறை. கடைசிப் பேத்தி வாண்டு, கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, தனி ஆளாக ஒரு கால்நடை மருத்துவமனைக்குச் செயலி எழுதி முடித்துவிட்டாள். ஜாவாஸ்கிரிப்ட் என்கிற மொழியாம். அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் அந்தப் பெயரை எழுதியிருக்கிற அழகைப் பார். இந்தச் செயலி ஒழுங்காக ஓடினால்தான் அவள் வேலை நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அங்கேதான் தங்கச்சி, இடி விழுந்தது.

செயலி வெளியான அன்று காலையில் நான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. யாரோ ஒரு பெண், அழுகிற குரல். "காலையிலேருந்து வாயில ஒண்ணும் வைக்கலீங்க. மூலையில போய் உட்கார்ந்துட்டான். கிட்டப் போனா உறுமறான்" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வயசு என்ன என்றேன். அஞ்சு என்றாள். "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு கோபமா? மடியில போட்டுக் கொஞ்சும்மா" என்றேன். "கொஞ்சிப் பார்த்துட்டேன், வாலைத் தொட்டா கடிக்க வர்றான்" என்றாள். எனக்குக் கையிலிருந்த போர்வை நழுவிவிட்டது. வால்! "எப்பலேருந்தும்மா வால்?" என்று கேட்டேன். "பொறந்ததிலேருந்தே" என்கிறாள். அதற்கு மேல் ஒரு மனுஷி என்ன கேட்பது? அவள் போனை வைப்பதற்குள் அடுத்தவர். அவர் வீட்டு மகராசி முட்டை போடுவதை நிறுத்திவிட்டாளாம். அதற்கடுத்து ஒருவர், கிளி கெட்ட வார்த்தை பேசுகிறது என்று போனை அதன் வாயிலேயே கொடுத்துவிட்டார். என் மாமியார்கூட என்னை அப்படிப் பேசியதில்லை. எல்லாம் வாயில்லா ஜீவன்கள் சமாசாரம் என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அந்தக் கிளிக்கு மட்டும் வாய் இருந்தது.

கடைசியாக ஒரு ஆண் குரல். டாக்டர் இருக்கிறாரா என்றது. எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! "நானும் காலையிலேருந்து அவரைத்தான் தேடறேன். இத்தனை உசிரு துடிக்குது, மனுஷன் எங்க குறட்டை விடறாரோ" என்றேன். "நான்தாம்மா அந்த டாக்டர். ஒரு போன்கூட வரலையேன்னு செயலியில நானே அழுத்திப் பார்த்தேன். நீங்க யாரு?" என்றார். "அதை எழுதினவளோட பாட்டி" என்று வாயை விட்டுவிட்டேன். வாண்டின் வேலைக்கு என் வாயே உலை வைத்துவிட்டது என்று பயந்துபோனேன்.

உடனே வாண்டுக்குப் போன் செய்து சொன்னேன். ஓடி வந்தாள். என்னடி நடந்தது என்றேன்.

"பாட்டி, நான் எழுதின நிரல் நம்ம வீட்டு கம்ப்யூட்டர்லயும் ஆஸ்பத்திரியிலயும் ஒண்ணுதான். ஆனா போன் நம்பர், பாஸ்வேர்டு இதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அதனால அமைப்புன்னு தனி ஃபைல்ல வைப்போம். ரகசியம் இருக்கறதால அதை நிரலோட அனுப்பக் கூடாது. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல தனியாப் போய்ப் போடணும்."

"போட்டியா?"

"மத்ததெல்லாம் போட்டேன். நம்பர் கடைசியாச் சேர்த்தது, விட்டுப்போச்சு."

"இல்லேன்னா அது நிக்க வேண்டியதுதானே?"

"நிக்காம ஓடட்டும்னு, 'அது இல்லேன்னா இது'ன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த 'இது' நீதான் பாட்டி."

இதில் எனக்கும் பங்கு உண்டு. அவள் எழுதிப் பார்க்கும்போது டாக்டரைக் கூப்பிடுகிற பொத்தானை அழுத்துவாள்; பக்கத்து அறையில் என் போன் அடிக்கும்; "அடிக்குது!" என்று நான் கத்துவேன். இப்படித்தான் நாங்கள் இருவரும் அந்தச் செயலியை உருவாக்கினோம். ஆனால் நிரலுக்குள் என்னை உட்கார வைத்துவிட்டதை எவளும் என்னிடம் சொல்லவில்லை.

டாக்டர் முந்திக்கொள்வதற்குள் அவளே மேலாளரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லையாம். "அமைப்பு இல்லேன்னா இன்னொண்ணை வெச்சு ஒப்பேத்தாதே. எது இல்லைன்னு சொல்லிட்டு நின்னுடணும். சரி பண்ணிட்டு வா, நிரந்தரத்தைப் பத்திப் பேசலாம்" என்றாராம். உட்கார்ந்து சரிசெய்தாள். இப்போது நம்பர் இல்லையென்றால் செயலி கிளம்பவே கிளம்பாது, காப்பி வராமல் கட்டிலை விட்டு இறங்காத உன் வீட்டுக்காரரைப் போல. வேலையும் நிரந்தரமாகிவிட்டது. அந்த வால்காரனும் சாப்பிடுகிறானாம், வால்தான் கதவிடுக்கில் நசுங்கியிருந்ததாம்.

ஆகவே தங்கச்சி, உன் பேரப்பிள்ளைகள் நம்பர் கேட்டாலும் படம் கேட்டாலும் கொடுத்துவிடாதே. இனி நிரலுக்குள் நம் குடும்பத்து ஆள் ஒருவரும் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஒருவரும் இல்லை என்று வாண்டு என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

உன் பிள்ளைகுட்டிகள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் மாற்றாளாக நிற்காமல், நூறு வயசு வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாண்டு தலையைச் சொறிந்துகொண்டு வந்தாள். மீதி 'அது இல்லேன்னா' வரிகளைப் பார்த்தாளாம். "டாக்டர் படமும் போட விட்டுப்போச்சு பாட்டி. அது இல்லேன்னா வர்றது சின்னப் பாட்டி" என்கிறாள். செயலி வெளியான அன்றிலிருந்து அதில் 'தலைமை மருத்துவர்' என்ற எழுத்துக்கு மேலே இருப்பது உன் முகம். எடுத்துவிடு என்றால், எடுக்க வேண்டாம் என்று டாக்டரே சொல்கிறாராம். "அந்த அம்மா முகத்தைப் பார்த்துத்தான் ஜனங்க நம்பி வர்றாங்க. அமைப்புலயே முறைப்படி போட்டுடுங்க" என்றாராம். நம் குடும்பத்தில் டாக்டர் இல்லை என்று மேலே எழுதியதை நீயே அடித்துவிடு. ஆனால் அந்தப் படத்தில் உனக்குக் கண் பாதி மூடியிருக்கிறது. நன்றாகக் கண்ணைத் திறந்து, புதுப் படம் ஒன்று எடுத்து உடனே தபாலில் அனுப்பு.