சுவர் நகரும் என்று நின்றவன்

எனக்கு அறிவு குறைவு என்பதை நான் உணர்ந்த நாளில் என் உடம்பு முழுக்கப் பிஸ்தா பச்சையாக இருந்தது. அதற்கு முன்பும் குறைவுதான். நிறம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

அப்போது நான் ஓசூரில் இரு சக்கர வண்டிப் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியொன்றில் ஸ்ப்ரே ஆபரேட்டர். மத்திகிரியில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீடு. பிரசவத்துக்குத் திருமங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போன மனைவி செல்வி, குழந்தை குப்புற விழுந்த பிறகும் திரும்பவில்லை. தடை, என் மாமனார். ஒருமுறை வந்தபோது, ஓசூர்க் குளிருக்குச் சுவரில் படர்ந்திருந்த பூஞ்சையை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"செவத்த இப்பிடி வச்சுக்கிட்டுப் பச்சப்புள்ளயக் கேக்காதீக மாப்ள. பெயிண்ட் அடிங்க, அனுப்பி வைக்கிறேன்."

எனக்குச் சலித்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வருவது, மெஸ்ஸில் அதே சாம்பாரைச் சாப்பிடுவது, அந்தப் பூஞ்சையைப் பார்த்துக்கொண்டே படுப்பது. (பூஞ்சைக்கும் என்னைப் பார்த்துச் சலித்திருக்கும்.) ஒரு நாள் பொறுக்க முடியாமல், "வேல முடிஞ்சிருச்சு மாமா, ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வாங்க" என்று போனில் சொல்லிவிட்டேன். உண்மையில் வேலை ஆரம்பிக்கவே இல்லை.

அந்தத் தைரியம் பசவராஜு கொடுத்தது. அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுப்பவன், என் டீக்கடைச் சிநேகிதன். புதிதாக ஏர்லெஸ் மெஷின் வாங்கியிருந்தான். வாளியிலிருந்து பெயிண்டை உறிஞ்சி, காற்றே கலக்காமல், அழுத்தத்தாலேயே துப்பாக்கி வழியாகப் பீய்ச்சும் இயந்திரம். பிரஷ்ஷில் இரண்டு நாள் இழுக்கும் அறையை டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடும் என்றான்.

"ஞாயித்துக்கிழம மத்தியானம் நம்ம ஆள் வர்றான் அண்ணா. பேப்பர் எல்லாம் ஒட்டி அவனே அடிச்சுக் குடுப்பான்."

"டெய்லி டேங்க் டேங்கா அடிக்கிறவன்பா நான். எனக்கு ஆள் அனுப்புறியா?"

"அது வேற, இது வேற அண்ணா. கை ஓடிக்கிட்டே இருக்கணும்."

"கைய பத்தி எனக்கே சொல்றியா?"

"சரி, நிம்ம இஷ்டா" என்று மெஷினை இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

எங்கள் கம்பெனியில் வேலை நடக்கும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நான் நிற்கும் இடத்தில் தரையில் இரண்டு பாதங்கள் வரைந்திருக்கும். அதன்மேல் நிற்பேன். பெட்ரோல் டேங்குகள் கொக்கியில் தொங்கியபடி ஊர்வலமாக வரும். நான் கையை மேலும் கீழும் ஆட்டுவேன். அவை போய்விடும். பெயிண்ட் படக்கூடாத இடங்களுக்கு டேப் ஒட்டுவது மாஸ்கிங் செக்‌ஷன். பறக்கும் பெயிண்டை உறிஞ்சுவது எக்ஸாஸ்ட். அது மெயின்டனன்ஸ்காரர்கள் கவலை. என் பொறுப்பு என் முழங்கையோடு முடிந்துவிடும்.

ஞாயிறு காலை லுங்கி, பனியனோடு மாஸ்க்கும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டேன். டேப் ஒட்டுவது நம் செக்‌ஷன் இல்லை என்பதால் டிவி, பீரோ, குழந்தைக்காகக் கட்டிய சேலைத் தொட்டில் எல்லாம் அப்படி அப்படியே இருந்தன. எக்ஸாஸ்ட் இல்லையே என்று யோசித்தேன். (யோசிக்காமல் இருந்திருக்கலாம்.) சீலிங் ஃபேனை ஐந்தில் வைத்தேன்.

விசையை அழுத்தினேன். கை பழக்கப்படி மேலும் கீழும் போனது. கால் பழக்கப்படி நின்றது. சுவர் நகரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், லைன் நின்றுபோய்விட்டது என்று நினைத்து சூப்பர்வைசரைத் தேடித் திரும்பினேன். விசையை விடாமல் திரும்பினேன். அதில்தான் டிவி போனது.

அடித்த இடத்தில் பெயிண்ட் திரைச்சீலை மாதிரி இறங்கித் தரையில் குளம் கட்டியது. மிச்சத்தை ஃபேன் பார்த்துக்கொண்டது. பீரோ, காலண்டர் முருகன், ஜன்னல் சட்டம், வாசல் நிலை என்று பாரபட்சம் இல்லாமல் பங்கிட்டது.

சத்தம் கேட்டு வீட்டுக்கார ரத்னம்மா வந்து வாசலில் நின்றார்.

"ஏமப்பா இதி? தேக்கு நிலைப்பா அது. எங்க நைனா தேன்கனிக்கோட்டைலேர்ந்து வண்டி கட்டிக் கொண்டாந்த மரம்."

"சாயங்காலத்துக்குள்ள தொடச்சிடுறேம்மா."

"மொதல்ல மூஞ்சியத் தொடை."

துடைக்கத் துடைக்கப் பரவியது. அந்த நிலையில்தான் ஆட்டோ வந்து நின்றது. மாமனார் உள்ளே வந்து, வழக்கம்போல் சுவரில் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது.

"வேல முடிஞ்சிருச்சுன்னீகளே மாப்ள?"

"ஃபினிஷிங் மட்டும் பாக்கி மாமா."

குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டது. அப்பா முகம் தெரியட்டும் என்று மாஸ்க்கையும் கண்ணாடியையும் கழற்றினேன். பச்சைக்கு நடுவே கண்ணும் வாயும் மட்டும் தோல் நிறத்தில் வெளிவந்ததும் இன்னும் உரக்க அழுதது. செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு தொட்டிலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏங்க, அம்மா சேலைங்க அது."

துடைக்கப் போனேன், என் கை அதைவிடப் பச்சையாக இருந்தது.

"ஈரத்துல புள்ளயப் போட முடியாதுப்பா. ஊருக்கே போயிருவோம்" என்று அப்பாவிடம் சொன்னாள். மாமனார் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வந்த ஆட்டோவிலேயே மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பினார்கள்.

கடைசியில் பசவராஜுவின் ஆள்தான் வந்தான், பேப்பர் ஒட்டினான், அடித்தான், போனான். தேக்கு நிலையை மட்டும் நான் உப்புத்தாளால் தேய்த்தேன், ஷிஃப்ட் முடிந்த ஒவ்வொரு நாளும். ரத்னம்மா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அங்க இன்னும் பச்சை இருக்கு" என்பார். இருக்கும். மாமனார் தனியாக வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.

மகள் இப்போது காலேஜ் போகிறாள். நான் எதையாவது முடித்துவிட்டேன் என்றால், "ஃபினிஷிங் மட்டும் பாக்கியாப்பா?" என்று கேட்கிறாள். போன வருடம் கடன் வாங்கி, பேரிகை ரோட்டில் சின்னதாக ஒரு சொந்த வீடு கட்டினோம். முதல் அழைப்பு மாமனாருக்கு.

"மாமா, வீடு நல்லபடியா முடிஞ்சிருச்சு. வெள்ளிக்கிழம பால் காய்ச்சுறோம். நீங்கதான் முன்னால நின்னு நடத்தணும்."



"பெயிண்ட் யாரு அடிச்சது?"